சத்தம் போடும் ஜெனரேட்டர்தான் வேண்டும்

ஜெனரேட்டர் வாங்க வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் முதலில் கேட்பது, "இதுல ஏசி ஓடுமா?" என்றுதான். வீட்டில் ஏசி இருக்கிறதா என்று திருப்பிக் கேட்டால், "இனிமேதான் வாங்கணும்" என்பார்கள். பிறக்காத பிள்ளைக்குப் பேர் வைக்கிற கூட்டம். இரண்டாவது கேள்வி சத்தத்தைப் பற்றி. சத்தமே வரக்கூடாது. எஞ்சின் ஓட வேண்டும், ஆனால் பூனை நடந்த மாதிரி இருக்க வேண்டும்.

இருபத்திரண்டு வருடமாக இந்தக் கடையில் நிற்கிறேன். விற்பதும் நான், வீட்டில் கொண்டுபோய் மாட்டிக் கொடுப்பதும் நான், ஆறு மாதம் மூலையில் போட்டு மூடி வைத்துவிட்டு "ஸ்டார்ட் ஆகலை" என்று வருகிறவர்களிடம் திட்டு வாங்குவதும் நான். வீட்டுக்குள் வைத்து ஓட்டாதீர்கள், புகை ஆளைக் கொன்றுவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போது பெட்ரோல் ஊற்றாதீர்கள். கரண்ட் வந்தால் முதல் வேலையாக அணைத்துவிடுங்கள், எண்ணெயை வீணாகக் கரியாக்காதீர்கள். இந்த மூன்றையும் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம். எனக்கு முன்கோபம் அதிகம் என்று எல்லோருக்கும் தெரியும். முதலாளிக்கும் தெரியும், ஆனாலும் விடமாட்டார். ஏனென்றால் தேவைக்கு மேல் பெரியதை இதுவரை யார் தலையிலும் நான் கட்டியதில்லை, அதை நம்பித்தான் ஆட்கள் வருகிறார்கள். அந்த ஒரு பெருமைதான் ஒரு அக்கா விஷயத்தில் என்னைக் கவிழ்த்தது.

ஒரு திங்கட்கிழமை காலையில் அந்த அக்கா கடைக்கு வந்தார்; சொந்தமில்லை, வாடிக்கையாளர்தான். நான் கூட்டிப் பெருக்கி முடிக்கும்வரை வெளியிலேயே நின்றார். ஐம்பத்தெட்டு வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, ஆனால் முன்கைகள் மட்டும் மூட்டை தூக்குகிறவரின் முன்கைகள். பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போன வருடம்தான் ஓய்வு பெற்றாராம். கையில் ஒரு துணிப்பட்டை வைத்திருந்தார். வார்டுப் போர்வைகளில் அடையாளத்துக்குத் தைப்பார்களே, அது. அதில் அழியாத மையில், அச்சடித்த மாதிரி எழுதியிருந்தது: ஆக்சிஜன் மெஷின், ஒரு ஃபேன், ஒரு லைட். அவ்வளவுதான்.

"வீட்டுக்காரருக்கு நுரையீரல் போச்சு தம்பி. காத்துலேருந்து ஆக்சிஜன் பிரிச்சுக் கொடுக்கிற மெஷின் ராப்பகலா ஓடிட்டே இருக்கும். கரண்ட் போனா நின்னுடும். அவசரத்துக்கு ஒரு சின்ன சிலிண்டர் இருக்கு, ரெண்டு மணி நேரம் தாங்கும். இப்பல்லாம் போற கரண்ட்டு ரெண்டு மணி நேரத்துலயா வருது?"

முதல் கேள்வியிலேயே ஏசி வராத வாடிக்கையாளர். எனக்கு உடனே பிடித்துப் போயிற்று. பெட்ரோல், சமையல் கேஸ் இரண்டிலும் ஓடுகிற ரகம் ஏன் நல்லது என்று விளக்கினேன். பெட்ரோல் பங்க்கில் வரிசை நின்றால் வீட்டு சிலிண்டர் இருக்கிறது, சிலிண்டர் வர லேட்டானால் பெட்ரோல் இருக்கிறது, கேஸில் ஓட்டும்போது சக்தி பத்தில் ஒரு பங்கு குறையும், அது உங்களுக்கு ஒரு பொருட்டில்லை. நான் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பல்லில் ஏதாவது ஒட்டியிருக்கிறதோ என்று இரண்டு தடவை நாக்கால் துழாவிக்கொண்டேன்.

அந்த ரகத்தில் கடையில் இரண்டு இருந்தன. ஒன்று சின்னது, நாலு பக்கமும் மூடிய பெட்டி. நாங்கள் அதை சூட்கேஸ் என்போம். இன்னொன்று இரும்புக் குழாய்ச் சட்டத்துக்குள் எஞ்சினைத் திறந்தபடி உட்கார வைத்து, இரண்டு சக்கரம் பூட்டியது. அதற்குப் பெயர் டிராக்டர். இரண்டையும் பின்கட்டுக்கு உருட்டிப் போனேன். சூட்கேஸின் கயிற்றை இழுத்தேன். ஒரே இழுப்பில் ஓடியது. தேனீ ரீங்காரம் மாதிரி ஒரு சத்தம், அதுவும் பக்கத்தில் நின்றால்தான். கையைக் கட்டிக்கொண்டு பெருமையாக நின்றேன்.

ஒரு நிமிடம் போயிற்று. அக்கா பொறுமையாகக் கேட்டார்: "எப்ப தம்பி ஸ்டார்ட் பண்ணுவீங்க?"

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "முதலாளி, கேட்டீங்களா! ஓடுறதே தெரியலையாம்!" என்று கல்லாவைப் பார்த்துக் கத்தினேன். அந்தக் கம்பெனிக்காரன் வந்து கேட்டிருந்தால் விளம்பரமே எடுத்திருப்பான்.

அப்புறம் டிராக்டரை முடுக்கினேன். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. அக்கா ஓரடி முன்னால் வந்தார். ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைச் சிமெண்ட் தரையில் அழுத்தி வைத்தார். அப்படியே நின்றார். முகத்தில் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது.

"இதுதான் தம்பி. இதையே கொடுத்துடுங்க."

"அக்கா, நான் இவ்வளவு நேரம் சொன்னது என்ன? உங்க மெஷின், ஃபேன், லைட் எல்லாம் சேர்த்து ஐந்நூறு வாட்ஸ்கூட வராது. இது அய்யாயிரம். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துற கதையா இருக்கே. எடை எண்பது கிலோ. எண்ணெய் குடிச்சுத் தீர்க்கும். இதுல வர்ற கரண்ட்டு ஏறி இறங்கும், ஆஸ்பத்திரி மெஷினுக்கு ஆகாது. சின்னதுல கரண்ட்டு நூல் பிடிச்ச மாதிரி வரும்."

"சத்தம் இருந்தா எனக்குப் பரவாயில்ல தம்பி."

"உங்களுக்குப் பரவாயில்ல. படுத்திருக்கிறவருக்கு?"

அந்த நேரத்தில் அக்காவின் கைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துத் திரையைப் பார்த்துவிட்டு, காதில் வைக்காமல் அப்படியே என்னிடம் நீட்டினார். "பையன்தான். நீங்களே பேசிடுங்க தம்பி."

பையன் வெளியூரில் வேலை. நல்ல பிள்ளைதான், ஆனால் அவசரக்குடுக்கை. இணையத்தில் பார்த்து எல்லாம் தெரிந்து வைத்திருந்தான். "அண்ணே, சின்னதைக் குடுங்க. அம்மா ஏதாவது சொல்லுவாங்க, கேக்காதீங்க. அப்பாவைப் பராமரிப்பு இல்லத்துல சேத்துடலாம்னு ஆறு மாசமா சொல்றேன். டாக்டர், நர்சு, எல்லாம் அங்கேயே இருக்கு. அம்மா ஒத்துக்க மாட்டேங்குறாங்க, நான் பாத்துக்கறேன்னு பிடிவாதம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை ஏதாவது தப்பு நடந்துச்சுன்னா நானே வந்து அப்பாவைக் கூட்டிட்டுப் போயிடுவேன். அவங்ககிட்டயும் சொல்லிட்டேன்."

அவன் சொன்னதும் நான் சொன்னதும் ஒன்றுதானே. அக்காவிடம், "உங்க பையனும் சின்னதைத்தான் சொல்றார்" என்றேன். என் வாயைப் பார்த்தார். "சரி" என்றார். அவர் போன பிறகு முதலாளியிடம், "அரை மணி நேரமா தொண்டை கிழியக் கத்தினேன், செவிடன் காதுல ஊதின சங்கு. மகன் சொன்னதும் அடங்கிட்டாங்க பாருங்க" என்றேன். சொல்லும்போது அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது எனக்கு.

மறுநாள் கொண்டுபோனேன். வரிசை வீடுகளில் நடு வீடு. இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் துணி துவைக்கிற கல் போட்ட கொஞ்சம் இடம். முன்னறையில் இரும்புக் கட்டில். அதில் தலையணைகளை முட்டுக் கொடுத்துச் சாய்ந்திருந்தார் அக்காவின் வீட்டுக்காரர். முப்பது வருடம் பஸ் கண்டக்டர். தெருவே அவரைக் கண்டக்டர் என்றுதான் கூப்பிடும். மூக்கில் குழாய். கட்டிலின் கால்மாட்டில் மெஷின் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. வீட்டில் ஒரு துணிகூடக் கோணலாக இல்லை. திரைச்சீலை, தலையணை உறை, மேஜை விரிப்பு, எல்லாம் மடிப்பு கலையாத வெள்ளை.

கண்டக்டரின் ஆள்காட்டி விரலில் ஒரு நாடாக் கயிறு வளையமாக மாட்டியிருந்தது. அது தரையோடு ஓடிப்போய் அக்காவின் மணிக்கட்டில் முடிந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் ஒரு மூச்சு.

"பழைய பஸ்ல... மணி அடிக்கக் கயிறு இருக்குமே... அதான். ஒரு இழு... நிறுத்து. ரெண்டு இழு... போலாம் ரைட்."

"நல்ல சர்வீஸ் சார்" என்றேன். கூப்பிடக் குரல் வராத மனிதர், கயிற்றால் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். நினைப்பதற்குத்தான் நமக்குக் குறைச்சலே இல்லையே.

ஜன்னலிலிருந்து தள்ளிப் பின்சுவர் ஓரம் சூட்கேஸை வைத்தேன். சமையலறையில் பாதி தீர்ந்திருந்த சிலிண்டரை அதற்குக் கொடுத்துவிட்டு, புதியதை அடுப்புக்கு மாட்டினார் அக்கா. இணைப்பது, திருகைத் திருப்பிக் கேஸிலிருந்து பெட்ரோலுக்கு மாற்றுவது, கயிறு இழுப்பது, எல்லாவற்றையும் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். ஐந்து தடவை சொல்லிக் கொடுத்தும் போன் போட்டு "அந்தச் சிவப்பு பட்டன் எதுக்கு?" என்று கேட்கிற பெரிய மனிதர்களை எனக்குத் தெரியும். அக்கா கயிற்றை இழுத்த இழுப்பில் சூட்கேஸ் அரையடி நகர்ந்தது.

ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இது நின்னுபோனா உள்ள இருக்கிறவங்களுக்கு எப்படித் தம்பி தெரியும்?"

"உங்க மெஷின்லயே அலாரம் அடிக்குமே அக்கா. கீச்சுகீச்சுனு தெருமுனை வரைக்கும் கேக்கும். அதைவிட வேற என்ன வேணும்?"

அக்கா கண்டக்டரைப் பார்த்தார். கண்டக்டர் கூரையைப் பார்த்தார். புருஷன் பெண்டாட்டி விவகாரம் ஏதோ என்று நான் கருவிப் பையைக் கட்டினேன். முதல் இருபது மணி நேரம் ஓடியதும் ஆயில் மாற்ற வேண்டும், நானே வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பகுதியில் மின்கம்பி மாற்றுகிற வேலை ஆரம்பித்தது. நாலு நாள், காலை ஒன்பது முதல் மாலை வரை கரண்ட் கிடையாது. மூன்றாம் நாள் மத்தியானம் கணக்குப் போட்டுப் பார்த்தேன், இருபது மணி நேரம் நெருங்கியிருக்கும். ஆயில் டப்பாவை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

தெருமுனையில் திரும்பும்போதே கேட்டது. கீச்... கீச்... கீச். நான் சொன்ன அதே தெருமுனை. ஏதோ இப்போதுதான் நின்றிருக்கும், அக்கா பின்னால் ஓடியிருப்பார் என்று நினைத்தேன். பத்து வீடு தாண்டினேன். சத்தம் நிற்கவில்லை. அப்புறம் ஓடினேன்.

கதவு திறந்திருந்தது. உள்ளே மெஷின் வீட்டைத் துளைக்கிற மாதிரி கத்திக்கொண்டிருந்தது. அதற்கு இரண்டடி தள்ளி, முதுகைக் காட்டி உட்கார்ந்து, அக்கா போர்வை மடித்துக்கொண்டிருந்தார். மூலைக்கு மூலை சேர்த்து, உள்ளங்கையால் நீவி, அவசரமே இல்லாமல். என் நிழல் விழுந்ததும் நிமிர்ந்து சிரித்தார்.

"வாங்க தம்பி. நாளைக்குத்தான் வருவீங்கன்னு நெனச்சேன்."

கட்டிலில் கண்டக்டரின் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. கயிற்று வளையம் விரலில்தான் இருந்தது, கயிறு தொய்ந்து தரையில் கிடந்தது.

கட்டிலை நோக்கிக் கையை நீட்டினேன். அக்கா திரும்பினார். மெஷின் ஓடினால் எரிகிற பச்சை விளக்கு இல்லை. ஒரு அலறல், ஒரு ஐயோ, எதுவும் கிடையாது. எழுந்த வேகத்தில் சின்ன ஆக்சிஜன் சிலிண்டரின் திருகைத் திறந்தார், குழாயைப் பிடுங்கி மாற்றினார், கண்டக்டரின் தாடையைத் தூக்கிப் பிடித்தார். நான் பின்பக்கம் ஓடினேன். சூட்கேஸ் அமைதியாக உட்கார்ந்திருந்தது. கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தேன், காலி. அடுப்புக்குப் பாதி உழைத்த சிலிண்டர், மூன்றாம் நாள் மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் தீர்ந்து போயிருந்தது. திருகைப் பெட்ரோலுக்குத் திருப்பி இழுத்தேன். ஓடியது. அந்தச் சத்தமில்லாத ஓட்டத்தை அன்றைக்கு நான் வெறுத்த மாதிரி எதையும் வெறுத்ததில்லை.

ஐந்து நிமிடம் கழித்துக் கண்டக்டர் கண் திறந்தார். என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "எந்த... ஸ்டாப்பிங்?" என்றார்.

"வீடுதான். இறங்க வேணாம்" என்றார் அக்கா. பிறகு தரையில் உட்கார்ந்தார். பாதி மடித்த போர்வை மடியில் கிடந்தது. அந்தக் கைகள் சும்மா இருந்து நான் பார்த்தது அப்போதுதான் முதல் தடவை.

பயந்தால் எனக்குக் கோபம் வரும். "அவ்வளவு கத்துது அக்கா! பக்கத்துல உட்காந்துட்டு..." என்று ஆரம்பித்தவன் அதற்குள் எனக்கே புரிந்து நிறுத்திவிட்டேன். அக்கா என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்கல தம்பி."

சலவைப் பிரிவில் துணி பிழிகிற பெரிய மெஷின்கள் ஆறு. அவற்றுக்கு நடுவில் இருபத்தாறு வருடம். மெல்லிசாக வருகிற சத்தம்தான் முதலில் போயிற்றாம். குக்கர் விசில் போயிற்று. காலிங்பெல் போயிற்று. குருவி போனது எப்போது என்று அக்காவுக்கே தெரியாது, ஒருநாள் மரத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்து மூடிய குருவியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாராம். தடித்த சத்தம் மட்டும் தரை வழியாகக் காலில் ஏறும். "அங்க ராத்திரி டூட்டில உட்காந்தபடியே தூங்குவேன். ஆறுல ஒரு மெஷின் நின்னா போதும், சட்டுனு முழிச்சுப்பேன். சூப்பர்வைசரே ஆச்சரியப்படுவாங்க."

டிராக்டர் முன்னால் செருப்பைக் கழற்றிய கால் என் கண்ணில் வந்து நின்றது.

"அன்னிக்கே இதைச் சொல்லியிருக்கலாமே அக்கா."

"சொன்னா நீங்க பையன்கிட்ட சொல்லுவீங்க. அலாரம் கேக்காதவ எப்படி அப்பாவைப் பாத்துப்பான்னு அவன் கேப்பான். அவன் கேக்கறதுலயும் தப்பில்லையே." மடியில் இருந்த போர்வையை எடுத்தார், மடிக்காமல் திரும்ப வைத்தார். "இவர்தான் கயித்தை யோசிச்சார். மெஷின் நின்னா இழுப்பார். ரெண்டு மூணு தடவை இழுத்தும் இருக்கார். இன்னிக்கு இழுக்கறதுக்குள்ள மயங்கிட்டார் போல. ஆறு மாசமா நான் தூங்கல தம்பி. கண்ணை மூடினா, பச்சை லைட்டு எரியுதான்னு திறந்து பாக்கணும். மூடினா திறக்கணும், மூடினா திறக்கணும். அலுத்துப் போச்சு. செத்தாப் போதும்னுகூடத் தோணும். அப்புறம் இவரை யார் பாத்துக்கறதுன்னு அதுக்கும் நேரமில்லாமப் போயிடும்."

கண்டக்டர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் ஓரத்தில் நீர் இறங்கியது. துடைக்கக் கை எழும்பவில்லை. கயிறு கட்டிய கையால் அக்கா துடைத்துவிட்டார்.

கடையில் நான் சொன்ன பழமொழி ஞாபகம் வந்தது. என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. சங்கு ஊதியது நான் இல்லை, அக்காதான். எப்போ ஸ்டார்ட் பண்ணுவீர்கள் என்று கேட்டார், வெறுங்காலோடு நின்று காட்டினார், நின்றால் எப்படித் தெரியும் என்று கேட்டார். எனக்குத்தான் ஒன்றும் ஏறவில்லை.

"காதுக்கு மெஷின் வச்சுக்கலாமே அக்கா" என்றேன், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

"ஒரே வீட்டுல எத்தனை மெஷின் தம்பி?" என்றார். கட்டிலிலிருந்து கண்டக்டர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி அடங்க நேரமாயிற்று.

கிளம்பும்போது ஒன்று சொன்னேன். "நாளைக்கு டிராக்டரைக் கொண்டு வர்றேன். கரண்ட்டு ஏறி இறங்காம இருக்க நடுவுல ஒரு ஸ்டெபிலைசர் போட்டுடறேன், அது என் பாடு. ஆனா பையன்கிட்ட நீங்க உண்மையைச் சொல்லணும். இன்னிக்குப் பாத்ததுக்கு அப்புறம் நான் மறைச்சா நான் மனுஷனில்ல."

அக்கா நீண்ட நேரம் என் வாயைப் பார்த்தார், அதிலிருந்து வேறு ஏதாவது வராதா என்பது போல. "அவன் கூட்டிட்டுப் போயிட்டா?" என்றார். நான் குனிந்து ஆயில் டப்பாவை எடுத்துக்கொண்டேன்.

ஓட்டிய ஜெனரேட்டரைத் திரும்ப எடுக்க முடியாது என்று முதலாளி குதித்தார். நானும் குதித்தேன். இரண்டு பேரும் களைத்துப் போனதும் எடுத்துக்கொண்டார்.

நாலாம் நாள். டிராக்டரை இரண்டு பேராக உருட்டிப் போய் பின்சுவரோரம் நிறுத்தினோம். தொட்டி நிறையப் பெட்ரோல் ஊற்றி முடுக்கினேன். சமையலறைத் தட்டுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. பக்கத்து வீட்டு அம்மாள் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "இது என்ன மில்லா?" என்றார். "ஆமாம்மா, மில்லுதான்" என்றேன். முன்னறையில் அக்கா சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, பாதங்களைத் தரையில் பதித்து உட்கார்ந்தார்.

"வருதா அக்கா?"

"வருது தம்பி. முதுகெலும்பு வரைக்கும் வருது."

பிறகு போன். அக்கா வாயருகே வைத்துப் பேசினார், இரண்டே வாக்கியம். "மூணு வருஷமா எனக்குக் காது சரியாக் கேக்கல. நேத்து அப்பா மெஷின் நின்னு அலாரம் அடிச்சுது, எனக்குத் தெரியல." அவ்வளவுதான். போனைக் கண்டக்டரின் காதில் வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். கேட்கிற வேலை எப்போதும் கண்டக்டருடையதுதானாம். பையன் பேசுவதைக் கேட்டு அவர் உதட்டை அசைத்துச் சொல்வார், அக்கா அதைப் பார்த்துப் புரிந்துகொள்வார்.

கண்டக்டர் "உம்... உம்" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். அக்காவின் கை கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அங்கே இருக்கவே முடியவில்லை, ஆனாலும் போக முடியவில்லை.

"என்ன சொல்றான்?"

"அழறான்."

"உங்களைக் கூட்டிட்டுப் போறானாமா?"

கண்டக்டர் இல்லையென்று தலையை ஆட்டினார். மூச்சை இழுத்து, அக்காவுக்குத் தெரிகிற மாதிரி உதட்டை நன்றாகப் பிரித்துச் சொன்னார்: "உன் காதைக் காட்ட... உன்னைக் கூட்டிட்டுப் போக... வர்றானாம். லீவு போட்டுட்டு... ஒரு மாசம்... இங்கதான் இருப்பானாம். அப்புறம்தான்... எதுவும்... பேசணுமாம்."

அக்கா சுவரில் தலையைச் சாய்த்தார். ஸ்டெபிலைசரின் வயரைச் சரிபார்த்துவிட்டு நான் நிமிர்ந்தபோது கண் மூடியிருந்தது. திறந்து பச்சை விளக்கைப் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். திறக்கவில்லை. வாய் லேசாகப் பிளந்து, ஒரு பக்கமாகச் சரிந்து, அடித்துப்போட்ட மாதிரி தூங்கிவிட்டார். பின்னால் டிராக்டர் தடதடவென்று அறைந்துகொண்டிருந்தது.

மூன்றரைக்கு மெயின் போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டார்கள். கரண்ட் வந்துவிட்டது. இருபத்திரண்டு வருடப் பழக்கம், என் கால் தானாகப் பின்பக்கம் நடந்தது, அணைப்பதற்கு.

கண்டக்டர் கையை உயர்த்தினார். அவர் முகம் அக்காவின் பக்கம் இருந்தது. கயிற்று வளையத்தை விரலிலிருந்து மெதுவாகக் கழற்றிப் போர்வை மேல் வைத்தார். பிறகு அந்த வெறும் விரலைக் காற்றில் இரண்டு தடவை இழுத்துக் காட்டினார்.

ஒன்று என்றால் நிறுத்து. இரண்டு என்றால் போலாம்.

மெஷினின் பிளக்கை மட்டும் பிடுங்கிச் சுவருக்கு மாற்றினேன். மாற்றுகிற நொடியில் அலாரம் ஒரு தடவை கீச்சென்றது. அக்கா அசையவில்லை. பச்சை விளக்கு எரிந்தது. இனி அந்த வீட்டில் டிராக்டருக்கு எந்த வேலையும் இல்லை. மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டு அம்மாளின் தலை மறுபடி தெரிந்தது. "கரண்ட்டுதான் வந்துடுச்சே, எதுக்கு இன்னும் ஓட்டறீங்க?" நான் கடையில் எல்லோரிடமும் கத்துகிற அதே கேள்வி. உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். அந்தத் தடதடப்புக்கு நடுவில் அது எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று அந்த அம்மாளின் முகத்திலேயே தெரிந்தது.

தொட்டியில் இன்னும் மூன்று மணி நேரத்துக்குப் பெட்ரோல் இருந்தது. தீர்கிறவரைக்கும் அக்கா தூங்கட்டும் என்று நான் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டேன்.